குஞ்சு பொரிக்கிற மெஷின்

நெரவி
31 ஜூலை 2022

தாமரைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது, சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாய். சரி, எழுதுகிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் ‘நலம்’ என்று போட்டேன். அது உண்மையா என்று கேட்காதே.

ஏனாமில் வெள்ளம் வடிந்துவிட்டதா? டிவியில் கோதாவரியைக் காட்டினார்கள். தெருவுக்குள் படகு போனது. உன் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று தெரியாததால் காட்டிய தெருவையெல்லாம் உன் தெரு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கம்ப்யூட்டர் செய்கிறேன். வாங்கவில்லை, செய்கிறேன்.

மணிபாரதியைத் தெரியும்தானே? கீழவாஞ்சூரில் என்னோடு லாரி எடை போடுகிறவன், நம் வீட்டுக்கு ஒரு தடவை நண்டு கொண்டுவந்து கொடுத்தானே, அவன்தான் ஆரம்பித்து வைத்தான். இந்தக் கம்ப்யூட்டரை ஓடவிட்டால் அது பாட்டுக்கு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே இருக்குமாம். அதற்குக் கூலியாக ஈத்தர் என்று ஒரு காசு வருமாம். கையில் பிடிக்க முடியாது, ஆனால் விற்க முடியும். இதற்கு மைனிங் என்று பெயர். நாள் முழுக்க நிலக்கரி லாரிகளை எடை போட்டு மூக்குத் துவாரமெல்லாம் கறுத்துப்போய் நிற்கிற ஒருவனிடம் வந்து, கையில் அழுக்கே படாத சுரங்கம் ஒன்று இருக்கிறது என்றால் அவன் என்ன செய்வான்?

மணிபாரதிக்குத் தெரிந்த ஒருவர் சென்னையில் கடையை மூடினார். அவரிடமிருந்து பழைய கிராபிக்ஸ் கார்டுகள் ஆறு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் செங்கல் கனம், முதுகில் மூன்று விசிறி. ஆறையும் வரிசையாகத் தொங்கவிட ஒரு இரும்புச் சட்டம் வேண்டும் என்றார்கள். காரைக்காலில் வெல்டிங் பட்டறையில் படத்தைக் காட்டினேன். பட்டறைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “துணி காயப்போடவா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்ல எனக்கே தெரியவில்லை.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். இதற்கு ஸ்விட்ச் கிடையாது. போர்டில் இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் உயிர் வரும். தொட்டேன். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. எத்தனை தடவை தொட்டாலும் ஒரே சுற்றுதான். உன் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாராவது இருந்தால் கேட்டு எழுது.

இது மட்டும் ஓடிவிட்டால் நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாம். அதற்காகத்தான் செய்கிறேன். ஏனாமுக்கு மாற்றல் வந்தபோது, மேலே சொல்லி ரத்து செய்யலாம், கணவர் இங்கே இருக்கிறார் என்று எழுதிக்கொடுத்தால் கேட்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நீ எழுதிக்கொடுக்கவே இல்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நவநீதன்

•

ஏனாம்
9 ஆகஸ்ட் 2022

உங்களுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். டாக்டர்கள் எழுதுகிற சீட்டே எனக்கு முதல் பார்வையில் புரிந்துவிடும். இது புரியவில்லை.

யாருடைய கணக்கை அது போடுகிறது? எதற்காக? போட்டு முடித்த கணக்கு எங்கே போகிறது? வேலை வாங்குகிறவர் யார் என்று தெரியாமல் கூலி மட்டும் எப்படி வரும்? நான் சந்தேகப்படவில்லை. கேட்கிறேன்.

இங்கே வெள்ளம் வடிந்துவிட்டது. சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு நிற்கிறது. வார்டு முழுக்கக் காய்ச்சல். எனக்குத் தெலுங்கு வரவில்லை. போன வாரம் ஒரு பாட்டி என்னைப் பார்த்து, “செய்யி, செய்யி” என்று அழுதார். ஏதோ செய்யச் சொல்கிறார் என்று நினைத்து டிரிப்பைச் சரிசெய்தேன், தலையணையை உயர்த்தினேன், தண்ணீர் கொடுத்தேன். அவர் இன்னும் சத்தமாக அழுதார். கடைசியில் பக்கத்துக் கட்டில்காரர் தன் கையைத் தூக்கிக் காட்டினார். இவர்கள் மொழியில் செய்யி என்றால் கையாம். ஊசி போட்ட இடத்தில் கை வீங்கியிருந்தது. நான் அதைத் தவிர எல்லாம் செய்திருக்கிறேன்.

லேபில் ராஜ்மோகன் என்று ஒருவர் இருக்கிறார், புதுச்சேரிக்காரர். தமிழில் பேச எனக்கு இங்கே அவர் ஒருவர்தான். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். “பிராசசருக்குத் தனியா ஒரு பவர் வயர் இருக்கும் சிஸ்டர். புதுசா செய்றவங்க எல்லாரும் அதை மறந்துடுவாங்க” என்றார். பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றலைப் பற்றி. நான் கேட்டு வாங்கவில்லை. ரத்து செய்யச் சொல்லவும் இல்லை. இரண்டும் உண்மை. ஏன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

நான் வேலையை விட வேண்டும் என்று உங்களிடம் எப்போது சொன்னேன்?

சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தாமரைச்செல்வி

•

நெரவி
18 ஆகஸ்ட் 2022

தாமரைக்கு,

ஓடிவிட்டது!

அந்த வயர்தான். ராஜ்மோகனுக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடு. இத்தனை நாள் அது ஒரு மூலையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, மிச்சமான வயர் என்று நினைத்து டேப் போட்டு ஓரமாகக் கட்டியே வைத்திருந்தேன். சொருகினேன், ஊசியைத் தொட்டேன், பதினெட்டு விசிறியும் ஒரே நேரத்தில் கிளம்பின. பயந்து பின்னால் போய் வாளியில் விழுந்தேன்.

ஆனால் ஆறு கார்டில் நாலைத்தான் அதற்குத் தெரிகிறது. இரண்டு கார்டு கண்ணுக்கு முன்னால் விளக்கெரிய இருக்கிறது, கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. வயரை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். மாற்றினால் வேறு இரண்டு காணாமல் போகிறது. மணிபாரதி ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றச் சொன்னான். மாற்றியதும் நாலும் போய்விட்டது. பழையபடி வைத்தேன், ஐந்து வந்தது. ஏன் ஐந்து? தெரியாது. அப்படியே விட்டுவிட்டேன்.

யாருடைய கணக்கு என்று கேட்டாய். எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் கேட்டேன். மணிபாரதி உலகத்தில் நடக்கிற எல்லா வரவு செலவையும் சரிபார்க்கிறது என்கிறான். வீடியோவில் ஒருவர் அது ஒரு புதிர், யார் முதலில் விடை சொல்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு என்கிறார். இன்னொருவர் அந்த விடையால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை, உழைத்தாய் என்பதற்கு அத்தாட்சி மட்டும்தான் என்கிறார். இதில் எது சரி என்று தெரியவில்லை. மூன்றும் சரியாகவும் இருக்கலாம். திரையில் ஒரு எண் மெல்ல ஏறுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு நிற்கிறது. அது மட்டும் தெரியும்.

எங்கே வைத்திருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். சுரக்குடியில், நம் வயலில், மோட்டார் கொட்டகையில். வீட்டில் வைத்தால் சத்தமும் சூடும் தாங்காது, கரண்ட் பில் கட்டினால் மிச்சமே இருக்காது. கொட்டகையில் விவசாய இணைப்பு, பில் கிடையாது. மோட்டார் ஓடாத நேரத்தில் அந்தக் கரண்ட் சும்மாதானே இருக்கிறது? வயல் உன் அப்பா உனக்கு எழுதிக் கொடுத்தது, இணைப்பும் உன் பெயரில்தான், மறக்கவில்லை. ஆனால் உழுவதும் விதைப்பதும் நான்தானே.

நேற்றுக் காலை போய்க் கதவைத் திறந்தால், சட்டத்துக்கு அடியில் ஒரு சாரைப்பாம்பு சுருண்டு படுத்திருக்கிறது. சூட்டுக்கு வந்திருக்கிறது. நான் வாசலில், அது உள்ளே. இரண்டு பேரும் வெகுநேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அதுவே எழுந்து போனது.

வேலையை விடச் சொல்லி நீ கேட்கவில்லைதான். வேறு எதையுமே நீ என்னிடம் கேட்கவில்லையே. நான் எதைத்தான் செய்வது?

நவநீதன்

•

ஏனாம்
27 ஆகஸ்ட் 2022

உங்களுக்கு,

இதைச் சுருக்கமாக எழுதுகிறேன், கோபமாக இருக்கிறேன்.

அந்த மெஷினை முதலில் கொட்டகையிலிருந்து எடுங்கள். விவசாயத்துக்கென்று கொடுத்த இலவச இணைப்பில் வேறு எதை ஓட்டினாலும் குற்றம். இணைப்பு என் பெயரில். நான் அரசாங்க ஊழியர். நோட்டீஸ் வந்தால் என் பெயருக்கு வரும், விசாரணை வந்தால் எனக்கு வரும். நான் வேலையை விட்டு வர வேண்டும் என்பதற்காக இதைச் செய்கிறீர்கள். இப்படிச் செய்தால் நான் விட வேண்டியதில்லை, அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. ராஜ்மோகனிடம் ஓடிவிட்டது என்று சொன்னேன். அவர் சந்தோஷப்படாமல் என்னையே பார்த்தார். “என்ன காசு சிஸ்டர்?” என்றார். ஈத்தர் என்றேன். “அதுக்கு இந்த மைனிங்கே செப்டம்பர் நடுவுல முடியுது சிஸ்டர். முறையையே மாத்துறாங்க. அப்புறம் கார்டு வச்சு ஓட்ற வேலையே கிடையாது. சாருக்குத் தெரியாதா?”

உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்தீர்களா? எது உண்மை என்றாலும் எனக்கு எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் சொன்னது தவறாக இருந்தால் நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதும் தெரியவில்லை.

தாமரைச்செல்வி

•

நெரவி
5 செப்டம்பர் 2022

தாமரைக்கு,

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மணிபாரதியிடம் ஓடினேன். அவன் சிரிக்கிறான். “வருசா வருசம் இதையேதான் சொல்றானுவ அண்ணே, ஒவ்வொரு தடவையும் தள்ளித்தான் வைக்கிறானுவ” என்றான். வீடியோவில் பாதிப்பேர் நடக்கும் என்கிறார்கள், பாதிப்பேர் நடக்காது என்கிறார்கள். நடக்கும் என்கிறவர்களில் பாதிப்பேர் கார்டு விற்கிறவர்கள், நடக்காது என்கிறவர்களும் கார்டு விற்கிறவர்கள்தான். நான் யாரை நம்புவது?

எடுத்துவிடலாம் என்றுதான் கொட்டகைக்குப் போனேன். போன இடத்தில் வேறு ஒன்று நடந்துவிட்டது.

அம்பலவாணன் மாமாவின் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. நமக்கு அடுத்த வயல், ஒரே கம்பத்திலிருந்துதான் இரண்டு கொட்டகைக்கும் லைன் வருகிறது. சம்பா நாற்றங்கால் போட்டு முளை வந்திருக்கிற நேரம். வாய்க்காலில் தண்ணீர் முறை இன்னும் நம் பக்கம் வரவில்லை. நாற்று மேலெல்லாம் வெளுத்துக்கொண்டு வருகிறது. அவர் வரப்பில் நின்றபடி என்னைப் பார்த்து, “என்னன்னே தெரியல மாப்ள. மூணு வாரமா மோட்டாரு முக்கி முக்கித்தான் ஓடுச்சு. கரண்டு சரியா வரலயோ என்னமோ” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரமாக. என் மெஷினும் ஏறக்குறைய மூன்று வாரமாகத்தான் ஓடுகிறது. அதனாலா? ஐந்து கார்டு இழுக்கிற கரண்ட் ஒரு மோட்டார் இழுப்பதில் கால்வாசி கூட இல்லை என்று ஒரு பக்கம் மனசு சொல்கிறது. நீ என்ன பெரிய எலெக்ட்ரீஷியனா, பவர் வயரையே டேப் போட்டுக் கட்டி வைத்தவன்தானே என்று இன்னொரு பக்கம் சொல்கிறது.

நின்றுகொண்டிருக்கும்போதே லைன்மேன் வந்துவிட்டார், கம்பத்தைப் பார்க்க. நம் கொட்டகைக்குள்ளிருந்து விசிறிச் சத்தம். மோட்டார் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை, உள்ளே இரைச்சல் மட்டும். எட்டிப் பார்த்தார். இரும்புச் சட்டம், விளக்குகள், சூடான காற்று.

“என்னாங்க இது?”

“இன்குபேட்டருங்க. குஞ்சு பொரிக்கிற மெஷின்.”

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்துவிட்டது. அவர் நம்பிவிட்டார்! கையை நீட்டிச் சூட்டைப் பார்த்துவிட்டு, “முட்டை எங்க?” என்றார். இனிமேல்தான் வைக்க வேண்டும் என்றேன். விவசாயத்தைச் சேர்ந்ததுதான் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இப்போது சுரக்குடி முழுக்க நான் கோழிப்பண்ணை வைக்கப்போகிறேன். பங்கஜவல்லி அக்கா பெட்டைக் குஞ்சாகப் பத்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். இதைப் படித்து நீ சிரிப்பாய் என்று நினைக்கிறேன்.

மெஷினை எடுக்கவில்லை. இப்போது எடுத்தால் எல்லாரும் கேட்பார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே ஓடவிட்டு வந்துவிட்டேன்.

நவநீதன்

•

ஏனாம்
13 செப்டம்பர் 2022

உங்களுக்கு,

சிரித்தேன். நீங்கள் நினைத்தது சரிதான். டியூட்டி அறையில் உட்கார்ந்து படித்தேன், முட்டை எங்கே என்று அவர் கேட்ட இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பாகவும் இல்லை. கூட வேலை பார்க்கிற பெண் ஓடி வந்து, ஊரில் யாருக்கு என்ன என்று தெலுங்கில் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது.

உங்களுக்கு வேறு பொய்யே கிடைக்கவில்லையா?

நம் இரண்டு பேருக்கும் தெரிந்த இன்குபேட்டர் ஒன்று உண்டு. தஞ்சாவூரில், குழந்தைக்காகப் போன ஆஸ்பத்திரியில், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். நான் நர்ஸ் என்பதால் உள்ளே எட்டிப் பார்க்க விட்டார்கள். சின்னப் பெட்டி. அதில் நம்முடைய கரு மூன்று நாள் நன்றாக வளர்ந்தது என்று சொன்னார்கள். வெளியே வந்து உங்களிடம், நல்லா இருக்காம் என்று சொன்னேன். நீங்கள் கீழே போய் எனக்கு இளநீர் வாங்கி வந்தீர்கள். இது மூன்றாவது தடவை. உள்ளே வைத்த பிறகு அதுவும் நிற்கவில்லை. ஜனவரி மாதம்.

அதற்குப் பிறகு நீங்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் அழுதால் உங்களுக்குக் கஷ்டம் என்று நான் அழவில்லை. நீங்கள் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது. பக்கத்து அறையில் யாரோ தூங்குவது மாதிரி, எழுப்பிவிடக் கூடாது என்பது மாதிரி, அந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்தோம். நீங்கள் போனைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். நான் கூடுதல் டியூட்டி கேட்க ஆரம்பித்தேன். மாற்றல் உத்தரவு வந்தபோது, அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரத்து செய்யக் கேட்கலாம். கேட்டால் மறுபடி அந்த வீடு. உங்களை விட்டுப் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சத்தமில்லாததை விட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன்.

இதுதான் காரணம். காரணம் என்று சொல்லலாமா என்றும் தெரியவில்லை.

அம்பலவாணன் சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். மோட்டார் உங்களால் எரிந்ததா இல்லையா என்பது அப்புறம். நாற்று காய்கிறது, நம்மிடம் ஓடுகிற மோட்டார் இருக்கிறது. குழாயைத் திருப்பிவிடக் கூட உங்களுக்கு வாய் வரவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். என் அப்பா இறந்தபோது எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நின்றவர் அவர்.

எனக்கு நோட்டீஸ் வந்தால் வரட்டும். முதலில் சொல்லுங்கள்.

தாமரை

•

நெரவி
22 செப்டம்பர் 2022

தாமரைக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அது நின்றுவிட்டது. ராஜ்மோகன் சொன்னது சரி. பதினைந்தாம் தேதி, மத்தியானம். நான் கொட்டகையில்தான் இருந்தேன். விசிறிகள் சட்டென்று மெதுவாயின. ஏதோ வயர் கழன்றுவிட்டது என்று நினைத்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரையில் வேலை இல்லை என்று மட்டும் வந்தது. ஏறிக்கொண்டிருந்த எண் அப்படியே நின்றுவிட்டது. கொட்டகை மெல்ல மெல்லச் சில்லிட்டது. மணிபாரதிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அவன் மறுநாள் எடை மேடைக்கு வந்தபோது என்னைவிட அதிகமாகக் குழம்பிப்போயிருந்தான். அவனைத் திட்ட வாய் வரவில்லை.

அடுத்த நாள் உன் கடிதம் வந்தது.

லைன்மேன் கேட்டபோது அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியாது என்று எழுதியிருந்தேன். இப்போது தெரிகிறது. இந்த ஒரு மாதமும் நான் அங்கே போய் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சூடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். சத்தம் மாறாமல் இருக்கிறதா என்று கேட்பேன். எண் ஏறுகிறதா என்று பார்ப்பேன். ஏறினால் சந்தோஷமாக வீட்டுக்கு வருவேன். தஞ்சாவூரில் என்னை உள்ளே விடவில்லை, தாமரை. நீ எட்டிப் பார்த்தாய். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன், கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. நான் ஏன் பேசவில்லை என்று கேட்டாய். உன் உடம்பில் நடந்தது. ஊசி எல்லாம் உனக்கு. அதைப்பற்றி வருத்தப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் பேசவில்லை. இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் முட்டாள்தனமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மாமாவிடம் போனேன். வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைக்காமலேயே கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப குஞ்சு இல்லியா?”

“இல்ல மாமா.”

“ஊரெல்லாம் நாட்டுக்கோழியா பிராய்லரான்னு கேட்டுக்கிட்டு இருக்கானுவ. சரி, கணக்குப் போடுதுங்கிறீங்க. யாரு கணக்கு?”

“தெரியல மாமா.”

“யாரு கணக்குன்னே தெரியாம ராப்பகலா போட்டீங்களா?”

“ஆமா மாமா.”

நான் மோட்டாரைப் பற்றி ஆரம்பித்தேன். காயில் கட்டுகிறவரிடம் நேராகப் போய்க் கேட்டிருந்தேன். அவர் இதுவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், பழைய மோட்டார், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுவிட்டார். அதை அப்படியே சொன்னேன். மாமாவுக்குக் கோபம் வந்தது. கத்தினார். நாற்று வெளுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்களே, உங்களுக்கு மனசு எப்படி வந்தது என்று கேட்டார். கத்தி முடித்ததும், “மொதல்ல தண்ணியத் திருப்பிவிடுங்க. மிச்சத்த அப்புறமாத் திட்டுறேன்” என்றார். நம் மோட்டாரைப் போட்டு, இரண்டு பேரும் மண்வெட்டி பிடித்து, வரப்பை வெட்டி அவர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டோம். பாதி நாற்று போய்விட்டது. பாதி தேறிவிடும். குறைகிற நாற்றை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு மின்துறை ஆபீசுக்கு நானே போனேன். நடந்ததைச் சொன்னேன். அங்கே இருந்த பொறியாளர் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “யாரு புகார் கொடுத்தது?” என்றார். யாரும் கொடுக்கவில்லை, நானே வந்தேன் என்றேன். “அப்ப எதுக்கு வந்தீங்க?” என்றார். கோழி என்று பொய் சொன்னதையும் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஓட்டியது நான், இணைப்புக்குரியவர் ஊரில் இல்லை, அவர் எடுக்கச் சொல்லியும் நான் எடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் இணைப்பு உன் பெயரில் இருப்பதால் அபராத நோட்டீஸ் உன் பெயருக்குத்தான் வருமாம், என் கடிதத்தையும் அதோடு சேர்த்து வைப்பார்களாம். அதை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மெஷினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கார்டுகளை வாங்க ஆளில்லை, எல்லாரும் ஒரே நாளில் விற்கிறார்கள். கூடத்தில் அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன.

நடவு முடிந்ததும் சில நாள் லீவு கேட்டிருக்கிறேன். வயலை மாமா பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், இன்னும் முழுக்கத் திட்டி முடிக்கவில்லை என்றாலும். காக்கிநாடா வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ் என்றார்கள். வரலாமா? வந்து என்ன பேசுவேன் என்று தெரியாது. பேசாமலும் இருந்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. வேண்டாம் என்றால் எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்வேன், ஆனால் உனக்கு எழுத மாட்டேன்.

நவநீதன்

•

ஏனாம்
1 அக்டோபர் 2022

உங்களுக்கு,

நோட்டீஸ் வந்துவிட்டது, உங்கள் கடிதத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே. கொண்டுபோய் எங்கள் நர்சிங் சூப்பிரண்டெண்ட் மேடத்திடம் நானே காட்டினேன், அவர்களுக்கு வேறு வழியாகத் தெரிய வேண்டாம் என்று. அவர்கள் நோட்டீஸைப் படித்தார்கள், அதோடு இருந்த உங்கள் கடிதத்தையும் படித்தார்கள். “உங்க வீட்டுக்காரர் எதுக்கு அவரே போய்ச் சொன்னார்?” என்று கேட்டார்கள். தெரியவில்லை மேடம் என்றேன். மேலே எழுத வேண்டும் என்றார்கள், எழுதட்டும். அபராதத்தை இரண்டு பேரும் சேர்ந்து கட்டுவோம்.

உங்கள் கடிதத்தை வார்டில் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். உரிமை இருக்கிறதா என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தைத் தாண்டி அன்று படிக்க முடியவில்லை. மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன். வெளியே நாற்காலியில் இருந்தது என் கணவர் மட்டுமில்லை, அதன் தகப்பனும்தான் என்று அன்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன். காலம் கடந்துதான் சொல்கிறேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். என்னை வேலையை விடச் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. நான் இங்கே இருக்கப் போகிறேனா, மாற்றல் கேட்டு வரப் போகிறேனா என்றும் தெரியாது. சில நாள் வர வேண்டும் போல் இருக்கிறது. சில நாள் இந்த ஊரில் யாருக்கும் என்னைத் தெரியாது என்பதே நிம்மதியாக இருக்கிறது. நீங்கள் வந்தால் இந்தக் குழப்பம் குறையுமா, கூடுமா? அதுவும் தெரியாது.

வாங்க.

நேற்று வீட்டுக்கார அம்மாவிடம், ஊரிலிருந்து என் கணவர் வருகிறார் என்று சொல்லி வைத்தேன். அந்த அம்மாவுக்கு ஆச்சரியம், இத்தனை மாதமாக என்னைத் தனி ஆள் என்றே நினைத்திருக்கிறார். மாடி அறையில் இன்னொரு கட்டில் இருக்கிறது, இறக்கிப் போடச் சொல்லட்டுமா என்றார். எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கிறேன். சொல்லுங்க.

தாமரை